காய்ச்சல் விட்ட பிறகு

சன்னி என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் அறிவார்களா என்பது ஐயமே. நம் பாட்டிமார் அதனை நன்கு அறிந்திருந்தார்கள். கடுங்காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை கூரையைப் பார்த்துக் கையை நீட்டினாலும், இல்லாத ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தாலும், “பிள்ளைக்குச் சன்னி கண்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டு நெற்றியில் ஈரத்துணியைப் போடுவார்கள். ஒருங்கே கூடுதல் என்னும் பொருளுடைய சந்நிபாதம் என்ற வடசொல்லே நம் நாவில் தேய்ந்து சன்னியாயிற்று. வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றும் ஒருசேரக் கெடுவதால் வருவது என்று கருதி, அதனைப் பதின்மூன்றாக வகுத்துச் சொல்லும் மரபும் நம் மருத்துவத்தில் உண்டு. வகுப்பு முறை எவ்வாறாயினும் ஆகுக. உடம்பின் சூடு உள்ளத்தைக் கலக்கும் என்னும் செய்தி நம் மொழிக்குப் புதிதன்று. பித்து என்ற சொல்லே பித்தம் என்ற உடற்பொருளிலிருந்து பிறந்ததுதானே?

ஆயினும் பாட்டிமார் சொன்ன சன்னிக்கு ஓர் எல்லை இருந்தது. காய்ச்சல் இறங்கினால் பிதற்றலும் இறங்கிவிடும். நான் இங்கு எழுத விரும்புவது காய்ச்சல் விட்ட பிறகு வருவதைப் பற்றி. பிள்ளை எழுந்து நடமாடுகிறது. கஞ்சி குடித்துத் தேறிவிட்டது. மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கும் வந்துவிட்டது. பத்து நாளோ இருபது நாளோ கழித்து, அதே பிள்ளை வேறொரு பிள்ளையாகிவிடுகிறது. சாதுவாக இருந்தது அடிக்கிறது; ஓயாமல் பேசியது வாய் திறக்க மறுக்கிறது; இரவெல்லாம் உறங்காமல் சுவரோடு பேசுகிறது. இந்நிலைக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர் எதுவும் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் திமிர், தேர்வுப் பயம், கைப்பேசி, கண்ணேறு என்று வேறு பெயர்கள் வந்து அமர்ந்துகொள்கின்றன.

மருத்துவர் எழுத வேண்டியதைத் தமிழாசிரியன் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என நான்கு உறுப்புகளைச் சொல்லி நிறுத்திக்கொண்டார், ஆசிரியரைச் சேர்க்கவில்லை. முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்தி, ஒவ்வொருவர் கையெழுத்தையும் கிழமைதோறும் திருத்தும் தொழில் அவர் காலத்தில் இல்லாதிருந்தது காரணமாகலாம். இத்தொழிலில் முப்பதாண்டுகளைக் கழித்தவன் என்ற உரிமையிலேயே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புக்கிட் தீமா வளாகத்தில் இருந்த தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றேன். கல்வி உளவியல் என்னும் பாடத்தை விருப்பத்தோடு கற்றோம். பிள்ளை வகுப்பில் முரண்டு பிடித்தால் வீட்டுச் சூழலைப் பார், நண்பர்களைப் பார், பாடம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார், பாராட்டு போதாமல் இருக்கிறதா என்று பார். இவை யாவும் நல்ல அறிவுரைகளே; இன்றும் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைக்கு அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேட்க மட்டும் அந்தப் பாடத்தில் இடம் இல்லை. உள்ளம் ஒரு துறையிலும் உடம்பு ஒரு துறையிலும் இருந்த காலம் அது.

இன்று நான் தலைமை ஏற்றிருப்பது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் சிறிய தமிழ்ப்பள்ளி. கீழே மளிகைக்கடை, மேலே வகுப்பறைகள். மல்லிகை மணமும் வறுத்த மிளகாயின் நெடியும் மாடிப்படி ஏறி வரும். நாள்தோறும் பார்க்கும் தாய்க்குத் தன் பிள்ளை வளர்ந்தது தெரிவதில்லை, திங்களுக்கு ஒருமுறை வரும் மாமன்தான் “அடே, எவ்வளவு உயரம்!” என்பான். வாரப்பள்ளி ஆசிரியரின் கண் அந்த மாமனின் கண். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பதால் ஏழு நாளில் நேர்ந்த மாற்றம் அவருக்குத் துலக்கமாகத் தெரிகிறது.

நோயின் இயல்பைச் சிறிது விளக்க வேண்டும். வைரஸ் கிருமியால் மூளைக்குத் தீங்கு வரும் வழிகள் இரண்டு. ஒன்று, கிருமியே மூளைக்குள் புகுந்துவிடுவது. வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் என்னும் எளிய கிருமி, மிக அரிதாக மூளையில் புகுந்து, நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதியை அழற்சிக்குள்ளாக்குகிறது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நம் தமிழகத்துக்குப் பழக்கமானது. இந்தியாவில் அது முதன்முதல் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியிலேதான். விருத்தாசலம் வட்டாரத்து நெல்வயல்களில் தண்ணீர் நிற்கும் பருவத்தில் அது பிள்ளைகளைத் தேடி வந்த ஆண்டுகள் பல. அந்த மூளை அழற்சிக்கு ஆளானோரில் நூற்றுக்கு 30 முதல் 50 பேர் வரை அறிவிலோ நடத்தையிலோ உடலியக்கத்திலோ நிலையான குறையோடு எஞ்சுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் அந்நோய் இருந்தது. அக்கிருமி பெருகுவதற்குப் பன்றிகள் இடம் தருவன. 1990ஆம் ஆண்டளவில் இத்தீவின் பன்றிப் பண்ணைகள் முற்றாக மூடப்பட்ட பிறகு அது இங்கே மிகவும் அரிதாகிவிட்டது.

நம் ஊரில் இளம் பெற்றோரை நடுங்க வைத்தது கை, கால், வாய்ப்புண் நோய். 2000ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரண்டு திங்களில் மட்டும் 3,790 பேருக்கு அது வந்ததாகப் பதிவாயிற்று. பெரும்பாலோர் நான்கு வயதுக்கும் குறைந்தவர்கள். பாலர் பள்ளிகள் மூடப்பட்டன. சில குழந்தைகள் இறந்தும் போயினர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒருவார நோய். வாய்ப்புண் ஆறினால் தீர்ந்தது. ஆனால் அப்போது மிகுதியாகக் காணப்பட்ட எண்டெரோவைரஸ் 71 என்னும் வகைக்கு மூளைத்தண்டைத் தாக்கும் ஆற்றல் உண்டு. உறங்கும் குழந்தை திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் துள்ளுவதும், நடக்கும்போது தள்ளாடுவதும் அதன் அடையாளங்கள். தைவானில் 1998இல் அக்கிருமி பரவியபின், மூளை தாக்கப்பட்டுப் பிழைத்த பிள்ளைகளைப் பள்ளிப் பருவம்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் சிலரிடம் கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் காணப்பட்டன. அப்பிள்ளைகளின் ஆசிரியர்களுள் எத்தனை பேருக்கு அந்தப் பழைய காய்ச்சலின் கதை சொல்லப்பட்டிருக்கும்?

இரண்டாவது வழி இன்னும் வியப்பானது. கிருமியை எதிர்க்க உடம்பு திரட்டிய படை, பகைவன் போன பின்பும் கலையாமல், வீட்டாரையே பகைவர் என்று மயங்கித் தாக்கத் தொடங்குகிறது. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் தல்மாவும் அவருடைய குழுவினரும் இத்தகைய நோய் ஒன்றுக்கு விளக்கம் கண்டனர். நரம்பணுக்களின் மேற்பரப்பில் செய்தியை வாங்கிக்கொள்ளும் வாயில்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒருவகைக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். நினைவுக்கும் கற்றலுக்கும் அது இன்றியமையாதது. உடம்பின் எதிர்ப்பொருள் போய் அந்த ஏற்பியைப் பற்றிக்கொள்ளும்போது, ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றன. அணு சாவதில்லை, வாயில்தான் சாத்தப்படுகிறது. ஆதலால் எதிர்ப்பொருளை அகற்றினால் வாயில் மீண்டும் திறக்கும். முதலில் ஆராயப்பட்டவர்கள் சினையகக் கட்டி முதலியன இருந்த பெண்கள். பின்னர் கட்டி எதுவும் இல்லாத சிறுபிள்ளைகள் பலருக்கும் இந்நோய் வருவது தெரிந்தது. நோய் தொடங்குமுன் பலருக்குக் காய்ச்சலோ தலைவலியோ சளியோ வந்து போயிருக்கும். கிருமிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிந்தது ஹெர்பிஸ் மூளை அழற்சியில்தான். 2018இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அத்தகைய நோயாளிகள் 51 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், 14 பேருக்கு மூன்று திங்களுக்குள் இந்த இரண்டாம்வகை அழற்சி வந்துவிட்டது. மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கைகால்கள் தாமே நெளிந்தன. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் நடத்தையும் சித்தமுமே மாறின.

இனி என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவளும் பெற்றோரும் இசைந்தே எழுதுகிறேன், பெயரைச் சொல்லப்போவதில்லை.

2016ஆம் ஆண்டு அவள் தொடக்கநிலை நான்கில் படித்தாள். சொல்வதெழுதுதலில் பிழை விடாத பிள்ளை. ழகரத்தின் சுழியை அழகாகப் போடுவதில் அவளுக்கு ஒரு பெருமிதம் உண்டு. போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். சூலைத் திங்களில் ஒரு சனிக்கிழமை வரவில்லை. காய்ச்சல் என்று தாயார் தொலைபேசியில் தெரிவித்தார். அடுத்த சனிக்கிழமை வந்தாள்; சோர்வாக இருந்தாள்; எழுத்து வழக்கம்போல் இருந்தது. அதற்கும் அடுத்த சனிக்கிழமை, பாடம் நடந்துகொண்டிருக்கையில் காரணமின்றிச் சிரித்தாள். பக்கத்திலிருந்த சிறுமியின் எழுதுகோலைப் பிடுங்கி எறிந்தாள், தடுத்தவளை அடித்தாள். மாற்றாசிரியராக வந்திருந்த இளைஞர், “அடங்கவில்லை, எதிர்த்துப் பேசுகிறாள்” என்று குறிப்பேட்டில் எழுதி என் மேசைக்கு அனுப்பினார். அதனுடன் அவளுடைய சொல்வதெழுதுதல் ஏடும் வந்தது.

ஏட்டைப் புரட்டியதும் நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன். எதிர்த்துப் பேசும் பிள்ளைகளின் ஏடுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கிறுக்குவார்கள், பாதியில் விடுவார்கள், எனக்கு மீசை வைத்துப் படம் வரைவார்கள். இந்த ஏடு அப்படியில்லை. முயன்று எழுதியிருந்தாள். முதல் வரி நேராகத் தொடங்கி மூன்றாம் வரியில் தாளின் ஓரத்தை நோக்கிச் சரிந்திருந்தது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னே வராமல் பின்னே வந்திருந்தது. ‘மரம்’ என்ற சொல்லில் ரகரம் நான்குமுறை எழுதப்பட்டிருந்தது, கை அங்கே சிக்கிக்கொண்டதுபோல. ழகரத்துக்குச் சுழியே இல்லை. ஒருவாரத்துக்கு முந்திய பக்கத்தையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பத்து வயதுப் பெண்ணின் கையை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடன் கொடுத்ததுபோல் இருந்தது. திமிரால் நடத்தை கெடலாம். கொம்பு இடம் மாறாது.

அன்று மாலையே தாயாரை அழைத்துப் பேசினேன். வீட்டில் ஆளுக்கொரு கருத்து. நான்கு நாளாகப் பிள்ளை உறங்கவில்லை. அம்மாவைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்டிருக்கிறாள். கைப்பேசி விளையாட்டால் வந்த கேடு என்றார் தந்தையார். அக்கம்பக்கத்து மருந்தகம் ஒன்றில், படிப்புச் சுமையால் வந்த மன உளைச்சல், ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த பாட்டியார் மட்டும் அழுதுகொண்டே இருந்தார். மறுநாள் என்னிடம் அவர் சொன்னது நினைவில் இருக்கிறது: “வாத்தியாரய்யா, எங்க ஊருல வயக்காட்டுக் காச்சல்ல பொழச்ச புள்ளைங்க இப்படித்தான் முழிக்கும். சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.” வீட்டில் இருந்தவர்களுள் நோயை நேரில் கண்டவர் அவர் ஒருவரே. அவரே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். வீரமாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசும் முடிந்து வைத்தார். அதனைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காசு முடிந்தபின் மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன்; அவரும் உடனே எழுந்துவிட்டார்.

புக்கிட் தீமா சாலையிலுள்ள கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். எழுத்தேட்டையும் கொடுத்தனுப்பினேன். அங்கிருந்த இளம் சீன மருத்துவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. “இவள் கடைசியாக இயல்பாக இருந்தது எந்த நாள்?” என்று அவர் கேட்டபோது, தாய் ஒரு கிழமையைச் சொன்னார், தந்தை வேறொரு கிழமையைச் சொன்னார். ஏட்டைத் திறந்து வைத்ததும் மருத்துவர் இரண்டு பக்கங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மேலே எழுதியிருந்த தேதிகளைத் தம் தாளில் குறித்துக்கொண்டாராம். மொழி தெரியாதவருக்கும் அவ்விரு பக்கங்களும் படிக்க எளியனவாகவே இருந்தன.

அன்றிரவே அவளுக்கு வலிப்பு வந்தது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார்கள்; முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். சில நாள் கழித்து என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான பொருள் அந்நீரில் இருப்பது உறுதியாயிற்று. ஸ்டீராய்டு மருந்தும், கொடையாளர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். மருந்து உடனே வேலை செய்யவில்லை. மூன்று வாரம் அவள் பேசவே இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் போனபோது கண் திறந்திருந்தது. பார்வை என்மேல் இல்லை. ஒருநாள் அதிகாலையில் தண்ணீர் கேட்டாள், ஆங்கிலத்தில். பேத்தியின் முதற்சொல் தமிழாக இல்லையே என்று பாட்டியாருக்கு ஒரு மனக்குறை. இந்த ஊரில் அதற்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதும், பல நாளுக்குப் பிறகு அந்த அறையில் எல்லாரும் சிரித்தோம்.

இந்நோயாளிகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் அறிக்கை, இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் நன்கு தேறிவிட்டதாகவும், விரைவில் மருத்துவம் தொடங்கப்பட்டோர் கூடுதலாகத் தேறியதாகவும் தெரிவிக்கிறது. ஒருவாரம் முந்துவதும் பிந்துவதும் இங்கே பொருளுடையன. அந்த ஒருவாரம் பெரும்பாலும் வீட்டிலும் வகுப்பறையிலும்தான் கழிகிறது.

நூறாண்டுக்கு முன்பு இப்படி விரைந்து செல்ல இடமே இருக்கவில்லை. வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ 1917இல் உறக்க மூளை அழற்சி என்ற புதுநோயை விளக்கி எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் அது உலகின் பல நாடுகளைச் சுற்றியது. பிழைத்த பெரியவர்களுள் பலர் பின்னாளில் சிலைபோல் உறைந்து போனார்கள். அவர்களுடைய கதையை ஆலிவர் சாக்ஸ் 1973இல் எழுதிய நூலால் உலகம் அறியும். பிழைத்த பிள்ளைகளின் கதை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவர்கள் பகலில் உறங்கினார்கள், இரவில் அலைந்தார்கள். அதுவரை அடக்கமாக இருந்தவர்கள் திருடினார்கள், காரணமின்றி அடித்தார்கள், அடித்துவிட்டு வருந்தி அழுதார்கள், மறுபடியும் அடித்தார்கள். பள்ளிகள் அவர்களை நீக்கின. நீதிமன்றங்கள் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பின. அறிவுக் குறைபாடு பிறவியிலோ இளங்குழந்தைப் பருவத்திலோ வருவது என்று வரையறுத்திருந்த இங்கிலாந்து நாட்டுச் சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. 1927இல் அச்சட்டத்தைத் திருத்தி, பதினெட்டு வயதுக்குள் நோயால் வருவதையும் அதில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்நோய்க்கு மூலம் எது என்பது இன்றும் முடிவாகவில்லை. அப்பிள்ளைகள் முன்பு எப்படி இருந்தார்கள் என்பதற்குச் சான்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் அன்றி வேறு யாரிடம் இருந்திருக்கும்? அந்தச் சான்று கேட்கப்படாமலே எத்தனை பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்களோ!

இதனைப் படிக்கும் ஆசிரியர்கள், இனி வகுப்பில் குறும்பு செய்யும் ஒவ்வொரு பிள்ளையையும் மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கிவிடலாகாது. குறும்பு பெரும்பாலும் குறும்பே. தேர்வுச் சுமையும் இந்த ஊரில் பொய்யன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் திங்களில் வயிற்றுவலி வராத பிள்ளை எது? மேலும், மருத்துவ உலகிலேயே முடிவாகாத வழக்குகள் உண்டு. தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வைரஸ் அன்று, பாக்டீரியா. அது வந்துபோன பின் சில பிள்ளைகளுக்குக் கைகால் தாமே ஆடும் நோய் வருவதை யாவரும் ஒப்புகின்றனர். ஆங்கில மருத்துவர் சிடன்ஹாம் 1686இலேயே அந்நோயை வருணித்திருக்கிறார். அதே தொண்டைப்புண்ணுக்குப் பின் ஓரிரவில் கைகழுவும் வெறியும் காரணமற்ற அச்சமும் சில பிள்ளைகளைப் பற்றிக்கொள்வதாக 1998இல் அமெரிக்க மருத்துவர் சூசன் சுவீடோ 50 பிள்ளைகளைக் காட்டி எழுதினார். அது தனி நோயா, எத்தனை பேருக்கு அது உண்மையில் பொருந்தும் என்னும் பூசல் இன்னும் ஓயவில்லை. தம் பிள்ளையின் மாற்றத்துக்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று ஏங்கும் பெற்றோரும், உறுதியான சான்று கேட்கும் மருத்துவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவர் நிலையும் எனக்கு விளங்குகிறது; அந்தப் பூசலில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

நாம் செய்யக்கூடியது தேதியைச் சொல்வது. காய்ச்சல் எந்த வாரம், எழுத்து மாறியது எந்த வாரம், பேச்சு குறைந்தது எந்த நாள். 2003இல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெப்பமானி கொடுத்து, நாள்தோறும் உடற்சூட்டை எழுதி வைக்கப் பழக்கினோம். அப்பழக்கத்தை மிச்சம் வைத்து, எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் காய்ச்சலால் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே சிறு புள்ளி ஒன்று வைக்கிறோம். அதன்பின் நான்கு சனிக்கிழமை அப்பிள்ளையின் ஏட்டைச் சற்று நின்று பார்க்கிறோம். இதற்குச் செலவு இல்லை, கூட்டம் இல்லை, படிவம் இல்லை. சின்னம்மைக்குப் பின் சில பிள்ளைகள் குடித்தவர்போல் தள்ளாடி நடப்பதும், பெரும்பாலோர் சில வாரத்தில் தாமே தேறுவதும் அந்தப் புள்ளியால் புரிந்துகொள்ளக்கூடியவை. தட்டம்மைக்கு மட்டும் புள்ளி பயன்படாது. அக்கிருமி சிலருடைய மூளையில் பல ஆண்டு ஒளிந்திருந்து, பின்னர் மதிப்பெண் சரிவாகவும் கைநழுவலாகவும் தலைகாட்டித் தீரா நோயாக முடியும். இங்கே தட்டம்மைத் தடுப்பூசி 1985 முதல் சட்டப்படி கட்டாயமாக இருப்பதால் அந்தத் துயரை நம் வகுப்பறைகள் அநேகமாக மறந்துவிட்டன.

நம்மவரிடையே உள்ள அச்சம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உட்பிரிட்ஜ் என்ற சொல் என் இளமையில் வசைச்சொல்லாக வழங்கியது. 1928இல் தொடங்கிய அம்மருத்துவமனை 1993இல் இடம் மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது. வசை மட்டும் இடம் மாறவில்லை. பிள்ளை மாறிவிட்டது என்று வெளியே தெரிந்தால் நாளை பெண் கேட்டு யார் வருவார் என்று பத்து வயதுப் பிள்ளைக்காகக் கவலைப்படும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களிடம் மனநோய் இல்லை, மூளைநோய் என்று சொல்லித் தேற்றுவது எளிது. ஆயினும் அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மனநோய் கண்ட பிள்ளையை இழிவுபடுத்தி அல்லவா மூளைநோய் கண்ட பிள்ளைக்கு மதிப்புத் தேடுகிறோம்?

அவள் ஏழு வாரம் கழித்து வீடு திரும்பி, ஆண்டின் இறுதியில் வகுப்புக்கு வந்தாள். படித்தது நிற்கவில்லை; அரைமணி நேரத்தில் களைத்துவிடுவாள். மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். “மூளையில் வீக்கம் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது, காலொடிந்தவனை ஓடச் சொல்வோமா?” என்றேன். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அடிபட்ட சிறுமியே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெற்றோருக்குத்தான் பல கூட்டங்களில் விளக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரே வகுப்பில் மீண்டும் அமர்ந்தாள். அதற்கடுத்த ஆண்டு சுழியும் வந்துவிட்டது.

அந்த ஏட்டை வீட்டில் வைத்துக்கொள்ளத் தாயாருக்கு மனம் வரவில்லை. என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். அலுவலக அலமாரியில் கிடந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு தீபாவளி நெருக்கத்தில், தேக்காவுக்குத் துணி எடுக்க வந்தவள் மாடியேறி வந்து அதனைக் கேட்டாள். அந்த ஏழு வாரத்தில் நாலைந்து வாரம் அவளுக்கு நினைவே இல்லை. இந்நோய் கண்டவர்களுக்கு அப்படித்தான் ஆகுமாம். அம்மா ஒன்று சொல்கிறார், பாட்டி ஒன்று சொல்கிறார், எதுவும் தன்னைப்பற்றிச் சொல்வதுபோல் இல்லை என்றாள். ஏட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் சனிக்கிழமைப் பக்கத்தை விரைவாகப் புரட்டினாள். மூன்றாம் சனிக்கிழமைப் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். நான்கு ரகரங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“சார், இதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?” என்றாள்.

பக்கத்தின் மேலே தேதி இருந்தது. மதிப்பெண் இல்லை.